தகாயாமாவில் இரண்டு நாள்: தனி வழிகாட்டி வைத்துக்கொள்வது அவசியமா?

வைகறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசி வாரம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜப்பான் போகிறேன். டோக்கியோ 3 நாள், கியோட்டோ 3 நாள், நடுவில் 2 நாள் தகாயாமா. டோக்கியோவும் கியோட்டோவும் எப்படியோ சமாளித்துவிடுவேன், தகாயாமாவில்தான் குழப்பம்.

அப்பா காரைக்குடிப் பக்கம் ஆசாரி. 40 வருடம் மரவேலை. கடைசி பதினைந்து வருடம் செட்டிநாட்டு வீடுகளில் பழைய பர்மா தேக்குக் கதவு, நிலை, தூண் இவற்றைப் பழுதுபார்க்கும் வேலைதான் அதிகம். போன வருடம் ஒரு காணொளியில் தகாயாமாவின் மர வீட்டுத் தெருக்களைப் பார்த்துவிட்டு, "இந்த ஊருக்குப் போக முடியுமாம்மா?" என்று கேட்டார். அவர் வாய் திறந்து எதையும் கேட்கிறவர் இல்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பயணமே.

ஒரு தளத்தில் விசாரித்தேன். மூன்று பேருக்கும் சேர்த்து 4 மணி நேரத்துக்கு 30,000 யென், முழு நாள் என்றால் 52,000 யென் சொல்கிறார்கள். என் தோழி ஒருத்தி, "பழைய தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை நடக்க இருபது நிமிடம்கூட ஆகாது, இதற்கு யாராவது வழிகாட்டி வைப்பார்களா?" என்கிறாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்லி, நான் தமிழில் அப்பாவுக்குச் சொல்லி, அதற்குள் பாதி விஷயம் காணாமல் போய்விடாதா?

அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மூட்டு வலியும் இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: வழிகாட்டி வைக்கலாமா, வைத்தால் அரை நாளா முழு நாளா, நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?


நகோயாவாசி எழுதியது:

நான் நகோயாவில் 9 வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் தகாயாமாவுக்குக் கூட்டிப்போய்விடுவேன், இதுவரை ஏழு தடவை ஆகிவிட்டது. அதில் இரண்டு தடவை வழிகாட்டியோடு. பொதுவாக யார் கேட்டாலும் "வேண்டாம், நீங்களே சுற்றுங்கள்" என்றுதான் சொல்வேன், ஆனால் அப்பா ஆசாரி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசு மாறிவிட்டது. அரை நாள் கட்டாயம் வையுங்கள்.

காரணம் சொல்கிறேன். அந்த ஊர் இருக்கிற ஹிதா பகுதி முழுக்க மலையும் காடும். நெல் விளைகிற நிலம் கொஞ்சம்தான். அதனால் 8ஆம் நூற்றாண்டில் அரசு அவர்களிடம் துணியும் உழைப்பும் வரியாகக் கேட்காமல், 50 வீட்டுக்கு 10 ஆள் என்று தச்சர்களை அனுப்பச் சொன்னது. அப்படிப் போனவர்கள்தான் தலைநகரில் கோயிலும் அரண்மனையும் கட்டினார்கள். "ஹிதா நோ தகுமி", ஹிதாவின் கைவினைஞர்கள், என்ற பெயர் அப்படி வந்தது. வரிக்குப் பதிலாக ஆசாரிகளைக் கொடுத்த ஊர் அது! உங்கள் அப்பா அங்கே போய் வெறும் தெருவைப் பார்த்துவிட்டு வந்தால் எனக்கே மனசு ஆறாது.

சன்மாச்சி என்கிற பழைய தெருக்களில் நின்றால் எல்லா வீடும் ஒரே மாதிரி கரும்பழுப்பாக, தாழ்வாக, முகப்பில் மரக் கிராதியோடு இருக்கும். அழகாக இருக்கிறது, படம் எடுத்தாயிற்று, அடுத்து என்ன என்று தோன்றும். அந்தத் தாழ்வுக்கே ஒரு கதை உண்டு. வியாபாரிகளிடம் பணம் கொட்டிக் கிடந்தது, ஆனால் எடோ காலத்தில் (ஷோகுன் என்கிற படைத்தலைவர்கள் ஆண்ட 1603-1868) அவர்கள் உயரமாகக் கட்டக் கூடாது, உயர்ந்த ஜாதி மரம் போடக் கூடாது என்று கட்டுப்பாடு. அதனால் வெளியே அடக்கமாகக் காட்டி, உள்ளேதான் வேலைப்பாட்டைக் கொட்டினார்கள். மரத்தின் அந்த நிறம்கூடக் காவியும் கரியும் கலந்து பூசியது. அந்தக் காவிக்கு அவர்கள் "பெங்காரா" என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வங்காளத்திலிருந்து வந்த சரக்கு என்பதால் வந்த பெயர். இதை என் வழிகாட்டி சொன்னபோது நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.

சன்மாச்சியோடு நின்றுவிடாதீர்கள். வடக்கே பத்து நிமிடம் நடந்தால் குசாகாபே வீடும் யோஷிஜிமா வீடும் அடுத்தடுத்து வரும். குசாகாபே 1879இல் கட்டியது, கட்டுப்பாடு போன கையோடு அதுவரை தொட முடியாத ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) மரத்தில் ஆசைதீரக் கட்டியிருக்கிறார்கள். யோஷிஜிமா 1907, சாக்கே என்கிற அரிசி மது தயாரித்த குடும்பத்தின் வீடு. அதன் வாசலுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். உத்திரமும் அதன்மேல் குட்டைத் தூணும், மறுபடி உத்திரமும் தூணுமாகக் கூரை வரை வலை போல ஏறும். மேலே ஒரு சன்னல், அதிலிருந்து வரும் வெளிச்சம் ஒவ்வொரு மரத்தின் மேலும் விழும்படி வைத்திருக்கிறார்கள். முதல் வீட்டைக் கட்டியவர் கவாஜிரி ஜிசுகே, இரண்டாவது நிஷிதா இசாபுரோ. வீட்டுக்காரர் பெயரோடு ஆசாரியின் பெயரையும் இன்றுவரை சொல்கிறார்கள், இதை மட்டும் அப்பாவிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரண்டும் திறந்திருக்கும் நாள்தானா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், விடுமுறை நாள் மாறும்.

மொழிபெயர்ப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பதிவு செய்யும்போதே "அப்பா 40 வருடம் தச்சு வேலை செய்தவர், வரலாற்றைவிட மரத்தைக் காட்டுங்கள்" என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். நல்ல வழிகாட்டி அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு பாதையையே மாற்றிவிடுவார். மாற்றாமல் பொதுவான பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள், ஆள் தேறுமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று. நகோயாவிலிருந்து ஹிதா விரைவு ரயில் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏறியதும் இருக்கையெல்லாம் பின்பக்கம் பார்த்து இருக்கும், அம்மா பயப்படப் போகிறார். கிஃபு வந்ததும் ரயில் திசை மாறும், அப்புறம் சரியாகிவிடும். அதற்கப்புறம் ஆற்றை ஒட்டியே போகும், தூங்கவிடாதீர்கள்.


தனிநடை எழுதியது:

நகோயாவாசி சொன்னதில் வீடுகள் பற்றியது எல்லாம் சரி, ஆனால் வழிகாட்டி விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 30,000 யென் சின்னப் பணம் இல்லை.

நான் 2019இல் மனைவியோடு போனபோது ஒரு தளம் வழியாக ஆள் பிடித்தேன் (பெயர் வேண்டாம்). நாலு மணி நேரத்தில் ஒன்றே கால் மணி நேரம் சாக்கே கடையிலும் பரிசுப்பொருள் கடையிலும் போனது. அருங்காட்சியகத்தில் பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதையே எங்களுக்கு வாசித்துக் காட்டினார். நான் வாசிக்கத் தெரியாதவன் இல்லையே! அன்று வீணான காலைப்பொழுது இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் தூக்கம் வராமல் காலை ஆறரைக்குத் தனியாக சன்மாச்சியில் நடந்தேன். ஒரு ஆள் இல்லை. தெருவின் இரண்டு பக்கமும் ஓடுகிற வாய்க்கால் தண்ணீர்ச் சத்தம் மட்டும். தீப்பிடித்தால் அணைக்கவும், பனியைத் தள்ளிவிடவும் அந்த வாய்க்கால்தான், மர ஊருக்கு அது உயிர். ஒரு பாட்டி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்துத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். பத்து மணிக்குப் பேருந்துக் கூட்டம் இறங்கிவிட்டால் இந்த ஊர் வேறு ஊர். எந்த வழிகாட்டியும் ஆறரைக்கு வர மாட்டார்.

பேச்சுத்துணை வேண்டும் என்றால் ஜப்பான் முழுக்கத் தன்னார்வ வழிகாட்டிகள் இருக்கிறார்கள், சம்பளம் கிடையாது, அவர்களுடைய போக்குவரத்து, நுழைவுக்கட்டணம், சாப்பாடு இதை மட்டும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். சுற்றுலா அலுவலகத்தில் சில வாரம் முன்னாலேயே கேட்டுப் பாருங்கள்.

அப்பாவுக்கு நான் சொல்வது ஹிதா நோ சாதோ. 1971இல் திறந்த திறந்தவெளிக் காட்சிக்கூடம், ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் பத்து நிமிடம். மலைக்கிராமங்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கோத்த முப்பது வீடு அளவுக்கு ஒரு குளத்தைச் சுற்றி நிற்கின்றன. கஷ்ஷோ வீட்டின் (கை கூப்பியது போலச் செங்குத்தான புல் கூரை வீடு) கூரைச் சட்டங்களை ஆணி இல்லாமல், வைக்கோல் கயிற்றாலும் முறுக்கிய இளங்கிளையாலும் கட்டியிருப்பதை மேல்மாடியில் பக்கத்தில் நின்று பார்க்கலாம். உள்ளே அடுப்பில் தினமும் தீ மூட்டுகிறார்கள், அந்தப் புகைதான் கூரையைப் பூச்சி அரிக்காமல் காப்பாற்றுகிறது. ஆசாரிக்கு அங்கே எந்த மொழியும் வேண்டாம். அரை நாள் அங்கேயே விட்டுவிடுங்கள்.


பழஞ்சுவடி எழுதியது:

வழிகாட்டி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, ஆனால் ஒரு இடத்தில் மட்டும் யாராவது விளக்கிச் சொல்லும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அது தகாயாமா ஜின்யா.

கனாமோரி நாகாச்சிகா என்கிற தலைவர் 16ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஹிதாவைப் பிடித்து, மலைமேல் கோட்டையும் கீழே இந்த ஊரையும் அமைத்தார். நூறு வருடம் அந்தக் குடும்பம் ஆண்டது. 1692இல் ஷோகுன் அரசு அவர்களைத் தூரத்து மாகாணத்துக்கு மாற்றிவிட்டு, ஹிதாவைத் தன் நேரடிக் கையில் எடுத்துக்கொண்டது. இங்கே இருந்த மரமும் சுரங்கமும் அவ்வளவு பெரிய சொத்து. கோட்டையை இடித்துவிட்டார்கள். அதன்பின் எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) வந்த அதிகாரிகள் உட்கார்ந்து ஆண்ட அலுவலகம்தான் ஜின்யா. நாடு முழுக்க இப்படி அறுபதுக்கு மேல் இருந்தனவாம், கட்டடத்தோடு மிஞ்சியது இது ஒன்றுதான். 1969 வரை அரசு அலுவலகமாகவே இயங்கியது.

உள்ளே போனால் வெறும் அறை, அறை, அறை. பாய் விரித்த காலி அறைகள். தெரியாதவர்களுக்குப் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். ஆனால் பாயின் ஓரத்தைப் பாருங்கள்: பெரிய அதிகாரி உட்காரும் அறையில் பூவேலை செய்த துணிக்கரை, கீழே இறங்க இறங்கச் சாதாரணக் கரை, கடைசியில் கரையே இல்லாத பாய். யார் எங்கே உட்காரலாம் என்பதைப் பாய் சொல்லும். ஆணித்தலையை மறைக்க முயல் வடிவத்தில் மூடி வைத்திருப்பார்கள், நீளக் காது உள்ள முயல், மக்கள் குரலைக் கேட்க வேண்டும் என்பதற்காக என்று சொல்வார்கள்.

அந்தக் குரலை அவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. விசாரணை முற்றமும் வதைக் கருவிகளும் பக்கத்திலேயே. 1771இல் தொடங்கி 18 வருடம் ஹிதா விவசாயிகள் போராடினார்கள், ஓஹாரா கிளர்ச்சி என்று பெயர். ஓஹாரா என்ற அதிகாரி நிலத்தை மறுபடி அளந்து வரியை ஏற்றியதுதான் மூலகாரணம். ஹோங்கோ என்ற கிராமத்து ஜென்குரோ, 18 வயதுப் பையன், தலைவர்களில் ஒருவனாக நின்றதற்காகத் தலை வெட்டப்பட்டான். சாகும் முன் மனைவிக்கு அவன் எழுதிய கடிதத்தை இன்றும் ஹிதாவில் நினைவு வைத்திருக்கிறார்கள். கடைசியில் அந்த அதிகாரியின் மகன், அப்பாவுக்குப் பின் அதே பதவிக்கு வந்தவன், தீவுக்கு நாடு கடத்தப்பட்டான். இந்தக் கதை தெரிந்துகொண்டு அங்கே இருக்கிற பெரிய நெல் கிடங்குக்குள் நுழைந்து பாருங்கள், அந்த மூட்டைகள் வேறு மாதிரி தெரியும்.

நான் போனபோது ஜின்யாவிலேயே இலவசமாக ஆங்கிலத்தில் விளக்கிச் சொன்னார்கள். முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தனி வழிகாட்டி வைத்தால் அந்த நாலு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் இங்கே கொடுங்கள்.


மீனா எழுதியது:

வைகறை, அம்மா சாப்பாட்டைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லையே! நான் சைதாமாவில் இருக்கிறேன், நானும் சைவம், தகாயாமா மூன்று தடவை போயிருக்கிறேன்.

ஊர் முழுக்க ஹிதா மாட்டிறைச்சி வாசனையாகத்தான் இருக்கும், அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஜப்பானில் கறியும் மீனும் கண்ணுக்குத் தெரிந்துவிடும், நாம் ஏமாறுவது "தாஷி"யில்தான், மீனைக் காயவைத்து வடித்த சாறு, ரசம் மாதிரித் தெளிவாக இருக்கும், எல்லாவற்றிலும் ஊற்றுவார்கள். காய்கறி மட்டும்தான் என்று சிரித்த முகத்தோடு கொண்டுவந்து வைப்பார்கள், அவர்கள் கணக்கில் தாஷி மீன் இல்லை. "கட்சுவோ தாஷி மோ தபெராரெமாசென்" (மீன் தாஷியும் சாப்பிட முடியாது) என்று ஜப்பானிய எழுத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் ஊறுகாயைக் கல்லில் வதக்கிக் கொடுக்கும் பதார்த்தம் ஒன்று பிரபலம், பேரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள், முட்டை ஊற்றி மேலே மீன் சீவல் தூவிக் கொண்டுவருவார்கள்.

அம்மா சாப்பிடக்கூடியது: மிதாராஷி தாங்கோ. அரிசி மாவு உருண்டையைக் குச்சியில் குத்திச் சுடுவது. வேறு ஊரில் பாகு மாதிரி இனிப்பாக இருக்கும், தகாயாமாவில் சோயா சாறு தடவிக் கரிநெருப்பில் வாட்டுவார்கள், இனிப்பே இருக்காது. என் மாமியாருக்குச் சுட்ட கொழுக்கட்டை ஞாபகம் வந்துவிட்டது. கொஹேய் மோச்சியும் பாருங்கள், மசித்த சோற்றுக்கு மேல் வால்நட் அரைத்த சாந்து. மியாகாவா ஆற்றோரக் காலைச் சந்தையில் சிவப்பு முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு ஊறுகாய் விற்பார்கள், சாப்பிட்டுப் பார்த்து வாங்கலாம். சந்தை மத்தியானத்தோடு முடிந்துவிடும், பழைய தெருக் கடைகள் ஐந்து மணிக்கெல்லாம் சாத்திவிடுவார்கள், அதனால் இரவுச் சாப்பாட்டை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஊரில் பௌத்த மடத்துச் சமையல் கிடைக்கும் இடமும் உண்டு, முன்பதிவு கட்டாயம், அங்கேயும் தாஷி பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூட்டு வலிக்கு: ஒவ்வொரு வீட்டிலும் செருப்பைக் கழற்ற வேண்டும், ஜின்யாவில் கழற்றிப் பையில் போட்டுக் கையிலேயே சுமக்க வேண்டும். கட்டுகிற காலணி வேண்டாம். ஹிகாஷியாமா கோயில் பாதை ஏற்றம், அம்மாவுக்கு வேண்டாம். தங்கும் இடத்தில் கட்டில் உள்ள அறையா, சாப்பிட நாற்காலி உண்டா என்று கேளுங்கள். பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், டோக்கியோ விடுதியிலிருந்தே நேராகக் கியோட்டோவுக்கு அனுப்பிவிடலாம்.

வழிகாட்டி பற்றி ஒரே வார்த்தை: 2018 முதல் உரிமம் இல்லாதவர்களும் காசு வாங்கி வழிகாட்டலாம் என்று சட்டம் மாறிவிட்டது. தேசியத் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்களும் இருக்கிறார்கள், குறிப்பிட்ட வட்டாரத்துக்கு மட்டும் உரிமம் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். நான் அந்த வட்டாரத்து ஆளையே தேடுவேன், பரீட்சையைவிட அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தது பெரிது. தனிநடைக்கு நடந்தது எனக்கும் வேறு ஊரில் நடந்தது, அதனால் "கடைகளுக்குப் போக வேண்டாம்" என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். முடிவில் கையில் பணம் திணிக்காதீர்கள், சங்கடப்படுவார்கள். ஊரிலிருந்து ஏதாவது சின்னதாகக் கொண்டுபோய்க் கொடுங்கள்.


வைகறை எழுதியது:

இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த ஊரிலேயே பிறந்த ஒரு பெண்மணியிடம் அரை நாள் பதிவு செய்துவிட்டேன். அப்பாவைப் பற்றி எழுதியதும், "உங்கள் அப்பா என்ன மரத்தில் வேலை செய்வார்?" என்று திருப்பிக் கேட்டார், அதைப் பார்த்ததும் உடனே பணம் கட்டிவிட்டேன். இரண்டாவது நாள் கஷ்ஷோ வீடுகளுக்குப் பேர்போன ஷிராகாவாகோ கிராமத்துக்குப் போய்வரலாமா?


நகோயாவாசி எழுதியது:

அந்தக் கேள்வி கேட்டாரா, அப்படியென்றால் சரியான ஆள். ஷிராகாவாகோ ஒரு மணி நேரத்துக்குள் பேருந்தில் போய்விடலாம், ஆனால் அம்மாவின் காலையும் கூட்டத்தையும் நினைத்தால் வேண்டாம் என்பேன். தனிநடை சொன்ன ஹிதா நோ சாதோவில் அதே வகை வீட்டை நிம்மதியாகப் பார்க்கலாம். நேரம் மிஞ்சினால் ரயிலில் கால் மணி நேரம் தள்ளி ஹிதா ஃபுருகாவா. வெள்ளைச் சுவர்க் கிடங்குகளுக்குக் கீழே வாய்க்காலில் பெரிய பெரிய கெண்டை மீன்கள் நீந்தும், அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம்.


வைகறை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

போய் வந்துவிட்டோம். எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதல் நாள் காலை தனிநடை சொன்னபடி ஆறரைக்கு அப்பாவும் நானும் மட்டும் கிளம்பினோம். குளிர் தாங்கவில்லை, அப்பா மஃப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கிராதியாகத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தார், பேசவே இல்லை. ஒன்பது மணிக்கு வழிகாட்டி அம்மா வந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முதல் இடமே திட்டத்தில் இல்லாதது: கொகுபுன்ஜி கோயில். அங்கே 1,200 வருடத்துக்கும் மேற்பட்டது என்று சொல்லும் ஜின்கோ மரம் ஒன்று, பாதி மஞ்சளாக மாறியிருந்தது.

அந்த மரத்தடியில் ஒரு கதை சொன்னார். அந்தக் காலத்தில் கோயிலின் கோபுரம் கட்டிய தலைமை ஆசாரி தூண்களை அளவு தவறிக் குட்டையாக வெட்டிவிட்டானாம். மரமும் வேறு இல்லை, செய்வதறியாமல் சாப்பிடாமல் படுத்துவிட்டான். மகள் யாயெகிகு, சின்னப் பெண், "தூண் தலையில் கட்டைகளை அடுக்கிக் கோத்து உயரத்தைச் சரிக்கட்டுங்கள்" என்று வழி சொன்னாள். அப்படியே செய்தான், அந்த அடுக்கின் அழகை ஊரே புகழ்ந்தது. ஆனால் யோசனை மகளுடையது என்று தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவளைக் கொன்று கோயில் வளாகத்திலேயே புதைத்துவிட்டான். அவள்மேல் நட்ட மரம்தான் இது என்கிறார்கள்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் அப்பா கோபுரத்தின் கூரைக்கு அடியில் அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். நம் ஊர்ப் போதிகை மாதிரியேதான் இருக்கிறது. ரொம்ப நேரம் கழித்து, "அளவு தப்பாத ஆசாரி எவன் இருக்கான்? புள்ள சொல்லுச்சுன்னு சொன்னா என்ன கொறஞ்சுரும்?" என்றார். அவர் குரல் நடுங்கியதை வழிகாட்டி அம்மா கவனித்தார், என்ன சொன்னார் என்று கேட்டார், சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் அப்பாவைப் பார்த்துத் தலை குனிந்தார். 30,000 யென் அதிகமா குறைவா என்ற கேள்வியே எனக்கு அதோடு போய்விட்டது.

ஜின்யா, யோஷிஜிமா வீடு, அப்புறம் திருவிழாத் தேர்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் மண்டபம். ஊரின் தேர்கள் வசந்தத்தில் 12, இலையுதிர் காலத்தில் 11 வெளியே வருமாம், அவருடைய தெருவுக்கும் ஒன்று உண்டு, அதை நிறுத்தும் உயரமான கதவுள்ள கிடங்கைத் தெருவிலேயே காட்டினார். நாலு சக்கரத் தேரைக் குறுகலான முனையில் திருப்புவதற்காக ஐந்தாவதாக ஒரு சக்கரத்தைக் கீழே இறக்கித் தேரையே தூக்கித் திருப்புவார்கள் என்றதும் அப்பா, "நம்ம ஊர்ல முட்டுக்கட்டை போட்டுத்தானே திருப்புறோம்" என்று கையால் காட்டி விளக்க, அவர் குறிப்பேட்டை எடுத்து அதைப் படமாக வரையச் சொன்னார். அப்பா வரைந்து கொடுத்தார். திருவாரூர்த் தேர் ஒன்று இப்போது தகாயாமாவில் ஒரு குறிப்பேட்டில் இருக்கிறது.

அம்மாவுக்கு தாங்கோ ரொம்பப் பிடித்துவிட்டது, இரண்டு நாளில் ஒன்பது குச்சி. மீனா, உங்கள் வாக்கியத்தை எழுதி வைத்திருந்த அட்டையை மூன்று இடத்தில் காட்டினோம், இரண்டு இடத்தில் கை விரித்துவிட்டார்கள், ஒரு இடத்தில் அந்தச் சமையல்காரர் காளானும் கீரையும் மட்டும் போட்டுத் தனியாகச் செய்து கொடுத்தார். ஃபுருகாவா போக நேரம் இல்லை. ஹிதா நோ சாதோவை விட்டு அப்பா மாலை வரை நகரவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. வழிகாட்டி அம்மா நேரம் முடிந்த பிறகும் எங்களைப் பழைய கருவிக் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். அங்கே அவர்களுடைய இழைப்புளி, "கன்னா", அப்பா கையில் எடுத்துப் பார்த்தார். நாம் தள்ளி இழைக்கிறோம், அவர்கள் தன் பக்கம் இழுத்து இழைக்கிறார்கள். கடைக்காரர் ஒரு கட்டையை வைத்துக் கொடுத்தார், அப்பா நாலாவது இழுப்பில் நீளமாகச் சுருள் எடுத்துவிட்டார், வெங்காயத் தோல் மாதிரி. வாங்கிவிட்டோம். இப்போது காரைக்குடி வெயிலில் அதன் ஓக் கட்டை வளைந்துவிடும் என்று பயந்து துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஊரில் கன்னா வைத்து வேலை செய்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், கட்டைக்கு என்ன எண்ணெய் ஊறவைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அப்பா தினமும் தொலைபேசியில் பதில் வந்ததா என்று கேட்கிறார்.